பின்னால் வந்த காலடி

நேற்று என் மகள் கைப்பேசியில் ஒரு திகில் படம் பார்க்கத் தொடங்கினாள். முதல் காட்சியில் ஒரு பெண் பனிமூட்டத்தில் நடக்கிறாள். கேமரா அவள் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. இசை நின்றுவிடுகிறது. யாரோ நடந்து வரும் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

"இன்னும் ஒண்ணுமே நடக்கலம்மா, ஆனா பயமா இருக்குலா," என்றாள்.

மூன்றாம் வகுப்பு படித்தபோது இப்படித் தொடங்கும் ஒரு படத்தை, பக்கத்து வீட்டு வீடியோவில் அப்பாவோடு பார்த்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகும் தேயிலைக்காட்டுப் பாதை முழுக்கப் பனி. என் செருப்புச் சத்தமே யாரோ பின்தொடர்வதுபோல் கேட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் வேலை செய்த தேயிலை ஆலை எதிர்த்திசையில் இருந்தது. ஆனாலும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"நீ முன்னால போ பாப்பா. பின்னால என்னா சத்தம் கேட்டாலும் அது அப்பாதான்."

அந்தப் பனி விலகும்வரை தினமும் வந்தார். ஈர மண்ணில் பூட்ஸ் சளக் சளக்கென்று ஒலிக்கும். வேலை வாங்கும் கங்காணியின் கோபம், அம்மா வைத்த நெத்திலிச் சம்பல் என்று எதையாவது உரக்கப் பேசிக்கொண்டே வருவார். பள்ளி வாசலில் என்னை விட்டதும், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மேட்டில் ஓடுவார்.

நேற்றே அவரைத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னேன்.

"எனக்கும் பயம்தாம்மா. அந்தப் படத்த நானும்தானே பாத்தேன். அதான் அவ்ளோ சத்தமா பேசிக்கிட்டு வந்தேன். நல்லவேளை, நீ முன்னால போன."