அருள்நாயகி ஏசாத முப்பத்தொரு நாட்கள்

அருள்நாயகிக்கு ஏசத் தெரியும் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம். லிஃப்ட் நின்றுபோனால் கட்டிடத்து மனேஜர் மற்ற வீட்டுக்காரரின் போனை எடுக்கமாட்டார். அவளுடையதை முதல் மணியிலேயே எடுப்பார். இருபத்தெட்டு வருடம் ஸ்டோர்ஸ் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவள். வீடும் அவளுடைய ஏச்சில்தான் ஓடியது. கணவர் நவரத்தினம் பிரஷர் குளிசை போடுவதும், குளிப்பதும், ஈரத் துவாயைக் கட்டிலில் இருந்து எடுப்பதும் அதைக் கேட்டுத்தான்.

மே மாதம் ஒரு மழை நாளில், "போகாதேங்கோ, ரோட்டெல்லாம் தண்ணி" என்று அவள் சொன்னதைக் கேளாமல், கொட்டாஞ்சேனையில் பழைய சிநேகிதனைப் பார்க்க வாடகைக் காரில் போனார் நவரத்தினம். திரும்பி வரும்போது மருதானையில் ஒரு லொறி காரின் பக்கவாட்டில் மோதியது. நசிந்த காரைப் பார்த்த பொலிஸ்காரர் சிங்களத்தில், "மாத்தயாட்ட வாசனாவ தியெனவா" என்றாராம். அதிர்ஷ்டமாம். அந்தச் சொல் அருள்நாயகிக்குப் பிடிக்கவில்லை. ஆறு மணித்தியாலம் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்றவள் அவள். யார் காப்பாற்றினார் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாசலில்தான் நேர்த்தி வைத்தாள். தேங்காய் எல்லோரும்தான் உடைக்கிறார்கள். மீன் சாப்பிடுவதை விடலாமென்றால் அவள் சின்ன வயதிலிருந்தே மரக்கறி. விட முடியாத ஒன்றை விட்டால்தானே நேர்த்தி. யோசித்துப் பார்த்ததில் அவளிடம் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று.

"பிள்ளையாரப்பா, ஆளைத் தா. நாற்பத்தெட்டு நாளைக்கு அவரை ஒரு சொல் ஏசமாட்டன்."

அன்றைக்கே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து சாமித்தட்டில் வைத்தாள். முடியுமுன் வெளியில் சொன்னால் நேர்த்தி பலிக்காது என்பது அவளுடைய வீட்டாரின் நம்பிக்கை. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிள்ளையார் ஆளைத் தந்தார். இரண்டு விலா எலும்பும் ஒரு முழங்காலும் உடைந்து, வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகாத ஆள்.

தேத்தண்ணி ஆறிப்போச்சு. தலகணி உயரம் காணாது. ஃபேன் கூடிப்போச்சு. அவள் ஓம் என்றாள், சூடாக்கினாள், குறைத்தாள். ஒரு நாள் அவர் சாவகாசமாக, "டிரைவர் வேற வழியாலதான் வெளிக்கிட்டவன். மருதானையால விடச் சொன்னது நான்தான்" என்றார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் முப்பது வருடத்தில் அவளுக்கு வாய்த்ததில்லை. அவள் குசினிக்குள் போய்த் தேங்காய் திருவினாள். அந்த மாதம் அவர்கள் வீட்டில் சம்பல் மிஞ்சிக்கொண்டே இருந்தது.

முழங்காலை நாளுக்கு மூன்று தரம் மடக்கி நீட்டவேண்டும். அவர் ஒரு கிழமை செய்தார், பிறகு விட்டுவிட்டார். "இந்த மாதத்துக்குள்ள மடங்காட்டி, பிறகு மடங்காது" என்று பிசியோ மிஸ் அருள்நாயகியைப் பார்த்துச் சொன்னாள். அருள்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலுமெண்டால் செய்யுங்கோவன்" என்றாள் அவரிடம்.

முப்பத்திரண்டாம் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு ஸமீமா சூப் கோப்பையோடு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, சேர் ஸ்கேன் ரிப்போர்ட்ட எனக்கிட்டத் தந்து, மெடிக்கல் படிக்கிற எங்கட மவனுக்குக் காட்டச் சொன்னார். டொக்டர் உங்களுக்கு மட்டும் என்னமோ செல்லியிக்காம்."

"என்ன சொன்னதாம்?"

"சேருக்குக் கன நாள் இல்லயாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்க ஏசாம ஈக்கிறீங்களாமே. தேத்தண்ணி சூடு காணுமா எண்டு கேக்கிறீங்களாம். அதுல பயந்துட்டார் மனுசன். எங்களுக்கும் சுவருக்கு அங்கால சத்தம் இல்லாம ஒரு மாதிரித்தான். மெய்யா ஒண்டும் இல்லயா அக்கா?"

அருள்நாயகி சூப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நவரத்தினம் காலை நீட்டியபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி போட்டிருக்கவில்லை.

"இண்டைக்கு எக்சசைஸ் செய்யேல்லையே?"

"இனி என்னத்துக்கு? இருக்கிற கொஞ்ச நாளுக்கு இந்தக் கால் மடங்கினா என்ன, மடங்காட்டி என்ன. நீர் ஒண்டும் சொல்லவேண்டாம் அருள். எனக்கு விளங்கும்."

அவள் சாமித்தட்டைப் பார்த்தாள். மஞ்சள் முடிச்சு இருந்த இடத்தில் இருந்தது. இன்னும் பதினேழு நாள். வாயைத் திறந்தால் பிள்ளையார் தந்ததைத் திருப்பி எடுத்தாலும் எடுப்பார். திறக்காவிட்டால் கால் போய்விடும். கால் பதினேழு நாள் பார்த்துக்கொண்டிராது.

சூப்பை மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? சாகப்போற மனிசன் விடிய மூண்டு தோசை காணாமல் நாலாவது கேக்குமே? மழைக்குள்ள போகாதேங்கோ எண்டு சொன்னனான், கேட்டனீங்களே? மருதானையால விடச் சொன்னது ஆர்? லொறிக்காரனே? பிள்ளையார் இழுத்து எடுத்துத் தந்த உசிரை வைச்சுக்கொண்டு, சோபாவில குந்தியிருந்து எனக்குச் சாவு கதைக்கிறார். மடக்குங்கோ காலை. இன்னும். இதுக்குப் பேர் மடக்கிறதே?"

"நோகுது அருள்."

"நோகட்டும்."

வாசலில் ஸமீமா கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். நவரத்தினம் மடக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக இருந்தது.

"துவாயைக் கட்டிலில போட்டிட்டன்" என்றார்.

"தெரியும். அதுக்கு வாறன்."

அன்று இரவு முழுக்க அவர் மூச்சுவிடுவதை அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் முடிச்சை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"முப்பத்தொரு நாள் இருந்தனான். மிச்சத்துக்கு என்னால ஏலாது. ஏசாமல் இருக்க ஏலாத மாதிரி நடக்கிற மனிசனைத் தந்தது நீ. எனக்குத் தண்டனை தாறதெண்டால் தா, அவரைத் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

ஐயர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தணித்துக்கொண்டு, மிச்சம் பதினேழு நாளும் தன்னுடைய தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று சொல்லிவிட்டு, முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள்.

கதவைத் திறந்தபோது நவரத்தினம் காலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழுக்குப் பிறகு பத்து என்றார். செருப்பைக் கழற்றமுன்னமே அவள் தொடங்கினாள்.