தோளில் மிஞ்சிய கை

இன்று காலை மகள் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மாஸ்கோவில் ஆற்று வளைவில் இருந்த பழைய ராக்கெட் தொழிற்சாலையின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் வருகின்றனவாம். புரோட்டான் என்கிற கனரக ராக்கெட்டைச் செய்த இடம். 'அப்பா, நீங்க வேலை பாத்த எடந்தானே?' என்று கேட்டிருந்தாள். வேலை பார்த்தேன் என்பது கொஞ்சம் அதிகம். வெல்டிங் பயிற்சிக்கு எங்கள் கம்பெனி அனுப்பிய நாலைந்து பேரில் நானும் ஒருவன். அங்கே பார்த்த வேலையைவிட வாங்கிய திட்டு அதிகம்.

படத்தில் பளபளவென்று கண்ணாடிச் சன்னல்கள். எனக்கோ அந்தக் கூடத்தின் வாசனைதான் வந்தது. சூடான அலுமினியம், முட்டைக்கோஸ் சூப், ஈரக் கம்பளிக் கோட்டு. கூடவே நீனாவும் வந்துவிட்டார்.

நீனா எக்ஸ்ரே பிரிவு. நாங்கள் வெல்டிங் வைத்த தகடுகளைப் படம் பிடித்துப் பார்ப்பார். உள்ளே கடுகளவு காற்றுக் குமிழ் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பெற்ற தாய்க்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஒருநாள் என் தகடு தேறியது. அன்று அவரே யாரிடமோ காமிராவைக் கொடுத்து, என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம்தான் என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது. கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பியதும் அம்மா பெண் தேட ஆரம்பித்தார். பெண் வீட்டில் மாப்பிள்ளை போட்டோ கேட்டார்கள். நான் ஓரளவு லட்சணமாக விழுந்த ஒரே கலர் படம் அதுதான். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீனாவைக் கத்தரித்துவிட்டு, மீதியைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டார். ஆள் போயாச்சு, கை போகவில்லை. அதை வெட்டினால் என் தோளும் அல்லவா போகும்? வெள்ளைவெளேரென்று ஒரு கை, விரலில் மோதிரம்.

பெண்ணின் அப்பா லாரி வைத்து ஓட்டுபவர். எனக்கு ரஷ்யாவில் ஒரு குடும்பம் இருப்பதாக அவருடைய பங்காளிகள் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனாலும் நேரில் பார்த்துவிடலாம் என்று வரச் சொன்னார். கேசரித் தட்டை நீட்டிய கையோடு கேட்டார்.

"தம்பி, இந்தக் கை யாரோடதுங்க?"

"எக்ஸ்ரே எடுக்குற அம்மாங்க."

"நர்ஸா?"

"இல்லைங்க, ராக்கெட்டுக்கு எக்ஸ்ரே."

யாரோ சிரித்தார்கள். உள் அறை வாசலில் நின்ற பெண்ணை வந்த நிமிஷத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறது என்று நினைத்தேன். அப்போது அம்மா கைப்பையிலிருந்து, கத்தரித்து வைத்திருந்த நீனாவின் பாதியை எடுத்தார். "உசுரோட இருக்குற மனுசி. அடுப்புல போட மனசு வரல. அதான் வச்சிருந்தேன்." இரட்டை நாடி உடம்பு, தங்கப் பல், பேரன் எடுத்த வயது. நீனா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

லாரிக்காரர் முகம் முழுதாக இளகவில்லை. "அங்கிட்டு என்னதான் செய்றாங்க?" என்றார். சொன்னேன். புரோட்டானின் அடிப்பகுதியில் நடுவே பெரிய தொட்டி, சுற்றிலும் ஆறு தொட்டிகள். சேர்த்துச் செய்தால் அகலம் அதிகம், ரயிலில் ஏற்ற முடியாது. தனித்தனியாகக் கொண்டுபோய், ஏவுகிற இடத்தில்தான் மாட்டுவார்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆகாசத்துக்குப் போற சாமானா இருந்தாலும் மொதல்ல தரையில போய்ச் சேரணும்ல. யோசிச்சிருக்காங்க பாருங்க." அப்புறம் ரயில்வே பாலத்துக்கு அடியில் சிக்கிய வைக்கோல் லாரிகளின் கதைகளை ஆசையாகச் சொன்னார். நானும் கேசரியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெண் கேட்டது கொஞ்சம்தான். "அவங்க எதுக்கு ஒங்க தோள்ல கை போட்டாங்க?"

"அன்னிக்குத்தான் என் வேலை தேறுச்சு."

"அதுக்கு முன்னாடி செஞ்சது?"

"எல்லாம் திரும்பி வந்துருச்சு."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "இவருக்குப் பொய் சொல்ல வரலப்பா." ஆவணியில் கல்யாணம்.

நீனாவுக்கு எழுதினேன். யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தார். 'பெண்ணைக் கூட்டி வா. தேறுகிறாளா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.' அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றிருந்தோம். அங்கே நாடே வேறாகிப்போனது. கடிதங்களும் நின்றுவிட்டன. இப்போது புரோட்டான்களில் மிச்சமிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. புதிய கனரக ராக்கெட்டை வேறு ஊரில் செய்கிறார்களாம்.

செய்தியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். போனை வாங்கி அந்தக் கட்டடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்தம்மா உக்காந்திருந்த எடம் இதுல எதுங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் தேடினேன். எல்லாம் புதுக் கட்டடம்.

"ஒருதடவ போயிருக்கலாம்," என்றாள். "என்னையப் பாக்கணும்னு சொன்னாங்கல்ல."