எப்போதும் எரிந்த பச்சை விளக்கு

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் மூன்று வருடம் சால்டரிங் வேலை பார்த்தேன். சிம் கார்டு போட்ட எச்சரிக்கைப் பெட்டிகள் செய்வோம். இயந்திரத்தில் சூடு ஏறினால் பெட்டி அதன் சொந்தக்காரருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். உள்ளேயுள்ள மோடம் நெட்வொர்க்கைத் தேடும்போது பச்சை எல்.இ.டி. வேகமாகச் சிமிட்டும், கிடைத்துவிட்டால் மூன்று விநாடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை.

"சிமிட்டிக்கினே இருக்குது, ரிப்பேரான்னு நாள் பூரா போன் பண்றாங்க. லைட்ட நேரா கரண்ட் சப்ளையில குடுத்துடு. எப்பவும் எரியட்டும்."

"அப்போ சிக்னல் இல்லன்னா எப்பிடி சார் தெரியும்?"

"சொன்னத செய்மா."

செய்தேன்.

ஒரு கோடையில், காலை நேரம், மூலக்குளத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பகலில் டவுனில் ஜவுளிக்கடை வேலை. வீட்டுப் பின்னறையில் காடைக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வைத்திருந்தார். ஒயர் கூடையில் எங்கள் பெட்டி, கையில் ஒரு தட்டு முட்டை. முந்தின நாள் அவர் கடையில் இருந்தபோது இயந்திரத்தில் சூடு ஏறிவிட்டது. எஸ்.எம்.எஸ். வரவே இல்லை. ஒரு முட்டையை உடைத்துக் காட்டினார். பொரியவிருந்த குஞ்சு, வெந்து கிடந்தது.

முதலாளி பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார். குஞ்சை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பச்ச லைட்டு எரியுதுல்ல? எங்க பொட்டி நல்லாத்தான் இருக்குது. நெட்வொர்க்குக்காரங்களப் போய்க் கேளுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி, கரண்ட் இருக்கும்போதே திறந்தேன். சிம் எப்போதோ நழுவியிருந்தது. அதை உருவி மேசைமேல் போட்டேன். விளக்கு அப்படியே எரிந்தது.

"பாருங்கக்கா. சிம்மே இல்ல. இன்னும் எரியுது."

அக்கா விளக்கையே பார்த்தார். "தெனம் காலைல இதப் பாத்துட்டுதாம்மா வேலைக்குப் போவேன். இப்பிடி வெச்சது யாரு?"

முதலாளியைக் கைகாட்டியிருக்கலாம். மனம் வரவில்லை. "நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கேயே சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விளக்கின் ஒயரைக் கழற்றி மோடத்தின் சிக்னல் முனையிலேயே பற்றவைத்தேன். சிம்மைப் பொருத்தியதும் வேகமாகச் சிமிட்டியது, பிறகு நிதானப்பட்டது. எந்தச் சிமிட்டல் எதற்கு என்று மூடியின்மேல் மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன். அக்கா நிதானச் சிமிட்டலைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கூடையில் வைத்தார். முட்டைத் தட்டை எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"யாரக் கேட்டு கைய வெச்ச?" என்று முதலாளி கத்தினார். அலமாரியில் விற்பனைக்கு இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒயரை மாற்றினேன். சாயங்காலம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். இன்னும் நான்கு பெட்டி பாக்கி இருந்தது. அவற்றை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர்மேல் இருந்த கோபம் அடுத்த வேலை கிடைத்ததும் கொஞ்சம் ஆறியது. "சொன்னத செய்மா" என்றதும் குனிந்து செய்தேனே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.