பட்டியலில் ஏறிய சிஸ்டர் ஒடெஸ்ஸா

இரண்டாம் பெத்தானி சபையில் உடம்புக்கு முடியாமல் போவது அத்தனை சுலபமான காரியமல்ல. படுத்தால் மட்டும் போதாது, பட்டியலில் ஏற வேண்டும். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும், சபைச் செயலாளர் சிஸ்டர் அல்மீட்டா கிரிம்ஸ் கையுறையைக் கழற்றிவிட்டு, நோயுற்றோர் மற்றும் வீட்டோடு முடங்கினோர் பட்டியலை வாசிப்பார். பெயர், உபாதை, தெரு, கதவு எண். புதன்கிழமைக்குள் அந்தக் கதவை யாராவது தட்டுவார்கள், கையில் மூடிவைத்த பாத்திரத்தோடு. பட்டியலில் ஏறாமல் காய்ச்சலில் கிடப்பவர்கள், சபையைப் பொறுத்தவரை, நல்ல ஆரோக்கியசாலிகள்.

வெர்லீன் டப்ஸ் அந்த வகையில் இரண்டு வருடங்களாக ஆரோக்கியமாக இருந்தாள். வயது நாற்பத்தாறு. அர்க்கன்சாவிலிருந்து வந்து அலபாமாவின் ஹார்லோ நகரத்தில், பைன் தெருவில், ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். முழு உறுப்பினராக வேண்டுமானால் பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வர வேண்டும். அந்தப் பழைய சபையோ பாடகர் குழுவின் அங்கி வெள்ளையா சிவப்பா என்ற தத்துவப் பிரச்சினையில் இரண்டாக உடைந்திருந்தது. கடிதம் கேட்டு எழுதினால், பதிவேடு வெள்ளை அங்கிக்காரர்களிடம் இருக்கிறது என்று சிவப்பு அங்கிக்காரர்களும், சிவப்பிடம் இருக்கிறது என்று வெள்ளையும் பதில் போட்டார்கள். அதுவரை வெர்லீன் பின்னாலிருந்து நாலாவது பெஞ்சில் உட்காரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். நோய்வாய்ப்பட மட்டும் முடியாது.

வானொலி நிலையத்தில் ஏதோ டைப் அடிக்கிற வேலை என்று சபையில் சொல்லி வைத்திருந்தாள். உண்மை வேறு. தினமும் காலை பதினொரு மணிக்கு, ஹார்லோவின் அழகு நிலையங்களிலும் சலவைக் கூடங்களிலும், கறுப்புப் பெண்கள் வேலைக்குப் போகிற வெள்ளைக்கார வீட்டுச் சமையலறைகளிலும் கால் மணி நேரம் ஒரு குரல் ஆட்சி செய்தது. ரேடியோ நாடகத்தில் வரும் ஒரு சபையின் சமையலறைக் குழுத் தலைவி சிஸ்டர் ஒடெஸ்ஸா பிக்கெட்டின் குரல். பெரிய பானையின் சாவியைத் தன் எதிரி சிஸ்டர் ஜூலாவிடம் கொடுக்காமலிருப்பதே அவருடைய வாழ்நாள் லட்சியம். ஒடெஸ்ஸாவும் வெர்லீன்தான், ஜூலாவும் வெர்லீன்தான், ஆஸ்துமாக்கார டீக்கன் உட்பட மொத்தம் ஆறு பேரும் அவளேதான். ஒலிபரப்புக் கண்ணாடி அறைக்குள், சத்தம் எழுப்ப வைத்திருந்த கரண்டி, பானை மூடி, சுவரில்லாத ஒரு கதவு ஆகியவற்றின் துணையோடு அந்தச் சபையே அவளாக நின்றாள்.

நிலையத்தின் முதலாளி ஹாஸ்கியூ வெள்ளைக்காரர். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். ஒன்று, அவள் பெயர் வெளியே வரக்கூடாது, ஏனென்றால் ஒடெஸ்ஸா சொன்னால்தான் ஜனங்கள் நிகழ்ச்சிக்குப் பணம் தரும் கம்பெனியின் மாவை வாங்குவார்கள். இரண்டு, ஊரில் நடப்பது எதுவும் ரேடியோவில் நடக்கக்கூடாது.

அது 1963-ஆம் வருடத்து வசந்தம். ஊரில் நிறையவே நடந்துகொண்டிருந்தது. கறுப்பர்களுக்குச் சம உரிமை கேட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடியபடி நகரமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போய், சிறையில் இடம் போதாமல், கால்நடைச் சந்தை மைதானத்தில் கம்பி வேலிக்குள் அடைத்தது. வெர்லீன் முதலாளிக்குக் கீழ்ப்படிந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் ஒடெஸ்ஸாவின் சமையலறைக் குழு, பாஸ்டர் புது அடுப்பு வாங்கித் தரும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். "பொம்பளைங்களும் அவங்க அடுப்பும்!" என்று ஹாஸ்கியூ வயிறு குலுங்கச் சிரித்தார். ஊரின் மறுபாதியும் சிரித்தது, காரணம்தான் வேறு.

இந்த நேரம் பார்த்துத் தொண்டை மக்கர் செய்தது. டாக்டர் மேப்ரி உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"ஆறு பேருக்கு ஒரே தொண்டை. காப்புக் காய்ச்சுப் போயிருக்கும்மா. மூணு வாரம் ஒரு வார்த்த பேசக்கூடாது. கிசுகிசுன்னு கூட பேசக்கூடாது. மீறினா அப்புறம் ஒங்களுக்கு மட்டுமில்ல, அந்த டீக்கனுக்கும் குரல் இருக்காது."

ஆகவே, டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய கடைசிக் கால் மணி நேரத்தில், ஒடெஸ்ஸா மறுநாள் பெரிய பானையை எட்டி எடுக்கும்போது முக்காலியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுக்கொண்டார். "மூணு வாரம் படுக்கணுமாம். ஏய் ஜூலா, நான் படுத்திருக்கேனே தவிர கண்ணு முழிச்சுத்தான் இருக்கேன். சாவியத் தொட்ட, தெரியும் சேதி!" அதோடு நிகழ்ச்சி நின்று, பதினொரு மணிக்கு ஆர்கன் இசை ஒலிக்கத் தொடங்கியது.

பேசக்கூடாது என்பது பேச ஆள் உள்ளவர்களுக்குத்தான் தண்டனை. மூன்றாம் நாள் மாலை வெர்லீன் ஒன்றைக் கண்டுபிடித்தாள். டாக்டரின் கட்டளையால் அவளுடைய மாலைப்பொழுதுகளில் எந்த மாறுதலும் ஏற்பட்டிருக்கவில்லை. அதே ஜன்னல், அதே ஒற்றைத் தட்டு. ஒரே வித்தியாசம், முன்பெல்லாம் ஜூலாவும் ஒடெஸ்ஸாவும் ஒத்திகைக்காகவாவது அறைக்குள் சண்டை போடுவார்கள். இப்போது அவர்களும் வருவதில்லை.

யாராவது ஒருவர் மாடிப்படியேறி வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று அவளுக்கு வெட்கம்கெட்ட ஆசை ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுச் சீட்டில், "வெர்லீன் டப்ஸ், தொண்டை, பைன் தெரு 14, பக்கவாட்டு மாடிப்படி" என்று எழுதிக்கொண்டுபோய் சபை வாசலில் சிஸ்டர் கிரிம்ஸிடம் நீட்டினாள்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். "சிஸ்டர் டப்ஸ், தப்பா நெனைக்காதீங்க கண்ணு. நீங்க ரிஜிஸ்டர்லயே இல்லியே. ரிஜிஸ்டர்ல இல்லாதவங்கள எப்படி நோயாளியாக்குறது? நாளைக்கி ஊர்ல இருக்கற இருமல் எல்லாம் வந்து வாசல்ல நிக்கும். லெட்டர் வரட்டும், மொத ஆளா ஒங்களப் போடுறேன்." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, "நடந்துதான வந்திருக்கீங்க?" என்றார் ஆறுதலாக.

வெர்லீனால் பதில் சொல்ல முடியாது. டாக்டரின் உத்தரவு.

அன்றைய பட்டியல் நீளமாக இருந்தது. சந்தை மைதானத்தில் அடைபட்டிருந்த சபைப் பிள்ளைகள் பதினேழு பேரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அரைமணி நேரம் விவாதித்து, முடங்கினோர் பிரிவே பொருத்தம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. அவர்களுடைய பெயர்களுக்குப் பின் சிஸ்டர் கிரிம்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர் ஒடெஸ்ஸா பிக்கெட். முதுகு. விலாசம் தெரியாது. வானொலி நிலையத்துக்கு அனுப்பவும்."

"ஆண்டவரே!" என்று சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. பாஸ்டர் அந்த முதுகுக்காக மூன்று நிமிடம் ஜெபித்தார். நானூறு பேர் கண்ணை மூடினார்கள். நாலாவது பெஞ்சில் அந்த முதுகு, ஒரு வலியும் இல்லாமல், நேராக உட்கார்ந்திருந்தது. தொண்டையைத்தான் யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனீவா புல்லக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினேழு பேரில் அவள் மகள் லாவோனும் ஒருத்தி. இரண்டு வருடத்தில் ஜெனீவா வெர்லீனிடம் பேசியது "கொஞ்சம் தள்ளிக்கங்க" மட்டும்தான். இன்று அவளாகவே சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"ஒடெஸ்ஸாவ நீங்க ரேடியோல கேப்பீங்களா?"

வெர்லீன் தலையசைத்தாள்.

"எம்புள்ள உள்ள போயி ஒம்போது நாளாச்சு. துரைசானி முன்னாடி அழ முடியுமா? வேலை போயிரும். பதினோரு மணிக்கு ரேடியோவச் சின்னதா வெச்சுக்குவேன். கண்ணுல ஏன் தண்ணின்னு கேட்டா, இந்த ஒடெஸ்ஸா சிரிக்க வெச்சிட்டாங்க மேடம்னு சொல்லிருவேன். நாள் பூரா அழுகறதுக்கு அந்தக் கா மணி நேரம்தான் எனக்கு." ஜெனீவா கைக்குட்டையை மடித்தாள். "இப்ப ஆர்கன் போடுறான். ஆர்கனக் கேட்டுச் சிரிச்சேன்னா எவ நம்புவா?"

வெர்லீனின் வாய் தானாகத் திறந்தது. ஒடெஸ்ஸாவின் குரலில் ஒரே ஒரு வாக்கியம் போதும். அது முழுக்குரலில்தான் வரும், வந்தபின் மிச்சக்குரல் இருக்குமா என்பது தெரியாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றிருந்தது. ஜெனீவாவுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே நல்ல சிநேகிதியைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு நாலாவது பெஞ்சு வெர்லீன் டப்ஸைக் கொடுப்பது நியாயமான பண்டமாற்றாக அவளுக்குப் படவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமைக்குள் வானொலி நிலையத்துக்குப் பதினோரு கேக்குகள், நாற்பத்துமூன்று வாழ்த்து அட்டைகள், இரண்டு பாட்டில் தைலம், உட்கார ஒரு ரப்பர் வளையம் ஆகியவை வந்து சேர்ந்தன. எறும்பு வருகிறது என்று ஹாஸ்கியூ ஆளனுப்பி, எல்லாவற்றையும் வெர்லீன் தலையில் கட்டினார். மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் காலையும் மாலையும் இன்னொருத்திக்கு வந்த கேக்கைத் தனியாகத் தின்றாள். அட்டைகளைக் கண்ணாடியைச் சுற்றிச் செருகி வைத்தாள். அவற்றில் ஒன்று அழகான கையெழுத்தில் இருந்தது: "அன்புள்ள சிஸ்டர் ஒடெஸ்ஸா, உங்கள் பெயரை நானே சேர்த்தேன். நீங்கள் இல்லாமல் எங்கள் பட்டியல் முழுமையாகாது. அல்மீட்டா கிரிம்ஸ், சபைச் செயலாளர்." அந்த அட்டைக்கு வெர்லீன் கண்ணாடியின் நட்டநடுவில் இடம் கொடுத்தாள். முகம் பார்க்க முடியவில்லை, பரவாயில்லை.

மூன்று வாரம் முடிந்தது. தினம் கால் மணி நேரம் மட்டும் ரேடியோவில் பேசலாம், மற்ற நேரம் மெல்லிய குரல்தான் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒடெஸ்ஸா பானை மூடியை ஓங்கித் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். ஜூலா சாவியைத் தொட்டாளா என்ற விசாரணை நடந்தது. கேக் அனுப்பியவர்களுக்குப் பெயர் பெயராக நன்றி சொல்லப்பட்டது. எழுதி வைத்தது முடிந்தபோது நாலு நிமிடம் மிச்சமிருந்தது. வெர்லீன் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் என்னப் பட்டியல்ல போட்டீங்க," என்றார் ஒடெஸ்ஸா. "படுத்துக் கெடந்தப்ப நானும் ஒரு பட்டியல் போட்டேன். பேனாவ எடுங்கடி. லாவோன் புல்லக். பதினஞ்சு வயசு. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெளியதான் வர முடியல. அவங்கம்மா ஒரு சமையல்கட்டுல நின்னுகிட்டு இருக்காங்க, போயிப் பாருங்க. அடுத்து..."

பதினேழு பெயர்களையும் வாசித்தார். அந்தப் பெயர்கள் ஹார்லோவின் ரேடியோவில் ஒலித்தது அதுவே முதல் தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாஸ்கியூ சாண்ட்விச் மென்றுகொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் சர்ச்சு விவகாரம்.

"கடைசியா ஒண்ணு. வெர்லீன் டப்ஸ். தொண்டை. பைன் தெரு பதினாலு, பக்கவாட்டு மாடிப்படி. கொஞ்சம் ஓங்கித் தட்டுங்க."

"அது எவடி வெர்லீன்?" என்று ஜூலா சீறினார். "நம்ம ரிஜிஸ்டர்லயே இல்லியே!"

"ரிஜிஸ்டர்ல இல்லன்னா தொண்ட வலிக்காதா? போடி!"

ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஹாஸ்கியூ கதவைத் திறந்தார். "யாரு அவங்கல்லாம்?"

"சர்ச்சுல முடியாதவங்க சார்."

"மாவு வாங்குவாங்களா?"

"மூட்டை மூட்டையா, சார்."

அவர் திருப்தியோடு திரும்பினார். பிறகு நின்றார். இரண்டு வருடம் சம்பளம் கொடுத்தும், அவளுடைய பெயரில் முன்பாதி மட்டுமே அவருக்குத் தெரியும். "வெர்லீன்னு இன்னொருத்தி இருக்காளா?"

"இருக்காங்க சார்," என்றாள் வெர்லீன்.

புதன்கிழமை அவள் அட்டைகளையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தரையைத் துடைத்தாள். கீழ்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள். இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் தூக்கியபோது, படியில் இரண்டு ஜோடிக் காலணிகளின் சத்தம் கேட்டது. கதவு ஓங்கித் தட்டப்பட்டது.

சிஸ்டர் கிரிம்ஸும் ஜெனீவாவும் நின்றார்கள். கையில் கோழிக் குழம்பு.

"ஒடெஸ்ஸாவே சொன்னப்புறம் நான் யாரு மறுக்கறதுக்கு?" என்றபடி செயலாளர் உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "அவங்கள ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே எடத்துல வேல," என்று வெர்லீன் மெல்லிய குரலில் சொன்னாள்.

"நேர்ல பாக்க எப்படி இருப்பாங்க? நல்லா வாட்டசாட்டமா?"

"கொஞ்சம் ஒல்லிதான்."

"இருக்காது," என்று சிஸ்டர் கிரிம்ஸ் அந்தச் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தார். "அந்தக் குரலுக்கு ஒல்லி ஒடம்பு தாங்காது. நீங்க சரியாப் பாக்கல." அப்போது அவருடைய பார்வை, கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு தட்டின் மேல் விழுந்தது. சபைக்கோ சாவு வீட்டுக்கோ பலகாரம் கொண்டுபோகிற எந்தப் பெண்ணும் தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதாமல் விடுவதில்லை. அதில் அ. கிரிம்ஸ் என்றிருந்தது.

"இது என் தட்டாச்சே!"

"சிஸ்டர் ஒடெஸ்ஸாதான் ஒங்க கிட்டக் குடுக்கச் சொன்னாங்க," என்றாள் வெர்லீன்.

சிஸ்டர் கிரிம்ஸின் முகம் மலர்ந்தது. "சாப்டாங்களா?"

"ஒரு துண்டு மிச்சம் வைக்கல."

ஒரு மணி நேரம் ஒடெஸ்ஸாவின் முதுகைப் பற்றியும், ஜூலாவின் குணத்தைப் பற்றியும், அடுப்பு எப்போது வரும் என்பது பற்றியும் பேச்சு ஓடியது. வெர்லீன் காப்பி ஊற்றினாள். அவளுடைய தொண்டையை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் சிஸ்டர் கிரிம்ஸ், இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லி, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜெனீவாவும் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவள், அங்கே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு தட்டு, இரவல் நாற்காலிகள்.

"அன்னிக்கி சர்ச்சுல நான் பாட்டுக்கு எங்கதையவே பொலம்பிட்டுப் போயிட்டேன்," என்றாள். "நீங்க வாயத் தெறக்காம கேட்டுக்கிட்டீங்க. தொண்ட அப்பவே முடியாம இருந்துச்சா?"

வெர்லீன் தலையசைத்தாள்.

"சொல்லியிருக்கலாமில்ல... சரி, எப்படிச் சொல்லுவீங்க." ஜெனீவா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "ஒடெஸ்ஸா கத போதும். நீங்க எந்த ஊரு? வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

ஆறு பேருக்குப் பேச்சு எழுதத் தெரிந்தவளிடம் இரண்டு வருடத்தில் இது யாரும் கேட்காத கேள்வி. அவள் தொண்டையைச் செருமினாள், வலித்தது. "அர்க்கன்சா," என்றாள், தன்னுடைய சொந்தக் குரலில்.

ஜெனீவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.