கருகின சூப்

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சிங்கள மனுசி, "அலுத் லீக்ஸ், மஹத்தயா!" என்று கூவி, புதிது என்று காட்டுவதற்காக ஒரு தண்டை என் மூக்குக்கு முன்னால் முறித்தாள். நான் கீரை வாங்கப் போனவன். வெங்காயம் போலவுமில்லாமல் புல்லுப் போலவுமில்லாமல் அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் கீரை மறந்துபோய், ஒரு கட்டு லீக்ஸோடு வீட்டுக்கு வந்து நின்றேன்.

இந்த லீக்ஸ் என்ற சாமானை நான் முதலில் கண்டது கொட்டாஞ்சேனையில், ஒரு சைவக் கடையில். யுத்தத்துக்கு முந்திய காலம். துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் புதிதாகக் கிளாக்கர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். ஐயா புகையிலைத் தோட்டத்தை விட்டு வேறெதையும் படித்தவரல்ல. ஆகையால் எதையும் படித்தால் வந்துவிடும் என்ற ஒரு வியாதி என்னிடம் இருந்தது. துரைமாரின் ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு முதல் சூப் வருமாம். அந்தக் கடை முதலாளிக்கும் அதே ஆசை. மச்சமாமிசம் கலவாத சூப் ஒன்றைக் கிண்ணத்தில் ஊற்றி, சோற்றுக்கு முன்னால் வைப்பார். சத்தமில்லாமல் கரண்டியால் குடிக்கக் கிளாக்கர்மார் எல்லாரும் அங்கேதான் பழகினார்கள். எனக்கு அந்தப் பாடம் மட்டும் ஏறவில்லை.

கலியாணம் முடித்து மனுசியை யாழ்ப்பாணத்து மெயில் வண்டியில் கூட்டிவந்த அன்று, வெள்ளவத்தையில் எடுத்திருந்த அறைக்குப் போகுமுன் அந்தக் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். பெண்களுக்கென்று திரை போட்ட ஒரு மேசை இருந்தது. அவள் கரண்டியைத் தொடவேயில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இன்னுங் கொஞ்சம் தருவினமோ?" என்று மெல்லக் கேட்டாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது.

இரண்டாவது காரியமும் அதுதான். வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து அவளுக்கு ஒன்றும் நிற்கவில்லை. சோறு மணந்தால் சத்தி, தேத்தண்ணி மணந்தால் சத்தி. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ஏதாவது உள்ளுக்கை நிக்கவேணும் தம்பி. இப்பிடியே போனா தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது" என்றார். வந்து அவள் பாயருகே குந்தினேன்.

"எதுக்கு மனம் ஏவுது? சொல்லும்."

"அந்தச் சூப்."

அடுத்த நாள் தூக்குச்சட்டியில் வாங்கி, டிராமில் கோட்டை ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து ரயிலில் வெள்ளவத்தைக்கும் அணைத்துக்கொண்டு வந்தேன். வந்து சேரும்போது அது ஆறி, ஆடை பிடித்து, சட்டி மணமும் சேர்ந்துவிட்டது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், அவள் சத்தியெடுக்கிற கோப்பையைத் தேடி ஓடினாள்.

சரி, நானே வைக்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். "இதிலை என்ன கிடக்கு? பருப்பு, லீக்ஸ், கரட், உப்பு, மிளகு" என்றார்.

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

மனிதர் எதையோ மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த சமையல், கலியாணத்துக்கு முன் பெடியளோடு அறையெடுத்து இருந்தபோது பழகியது: சோறு, பருப்பு, சொதி. யாழ்ப்பாணத்துக் கைக்கு ஒரு குணம். அடுப்பில் எது கொதித்தாலும் அது தேங்காய்ப் பாலைத் தேடிப் போகும். இறக்கினால் தேசிக்காய்ப் புளியைத் தேடும். முதல்நாள் அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "இது சொதியெல்லோ" என்றாள். அடுத்த நாள் மிளகைக் கூட்டினேன். "இது தடிமன் பிடிச்சு மூக்கொழுகிற சொதி." மூன்றாம் நாள் பருப்பு அடிப்பிடித்தது. புகை வந்த பிறகுதான் கண்டேன். அவள் பாயில் கிடந்த கிடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் சட்டியை மறந்துவிட்டேன். கொடுக்க வேறொன்றும் இல்லை, அதையே வடித்து, பாலும் புளியும் விட்டுக் கொடுத்தேன்.

குடித்தாள். இருவரும் அந்தச் சத்திக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தோம். கந்தோர்ச் சோதனை முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்து காத்திருந்ததில்லை. கடைசி ரயில் கடற்கரைப் பக்கம் இரைந்து போனது. கோப்பை வெறுமையாகவே இருந்தது.

"அந்தச் சூப் இல்லை," என்றாள். பிறகு சிரித்தாள். "கருகின சொதி. ஆனா நிக்குது."

பிள்ளை பிறக்கும்வரை அதுதான். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், சூப்பென்றால் முகத்தைச் சுழிக்கிறாள். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு, சனம் ஊருக்கு ஓடிய நாட்களில் முதலாளியும் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. அங்கே இப்போது சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை லீக்ஸ் கட்டோடு வந்து நின்றபோது வீட்டில் தேங்காய் முடிந்திருந்தது. பாலும் புளியும் விடாமலே சூப்பை இறக்கினேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கொட்டாஞ்சேனை! திரை போட்ட மேசை உட்பட எல்லாம் அதிலே இருந்தது. பாவம் முதலாளி, ஒன்றையும் மறைக்கவில்லை. ஓடிப்போய் மனுசியிடம் நீட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சூப் இல்லையப்பா."

"என்ன கதை! கடைச் சூப் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு குடியும்."

"கடைச் சூப்பை இப்ப ஆர் கேட்டது? நான் சொல்லுறது உங்கடை சூப்பை."

அடுத்த நாளே தேங்காய் வாங்கினேன். பருப்பைக் கவனமாக, பார்த்துப் பார்த்துக் கருக்கினேன். பாலும் விட்டேன், புளியும் விட்டேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தாள்.

"இது வேணுமெண்டு கருக்கினது" என்றாள்.

உண்மைதான். அவள் பாயில் கிடந்த அன்றைக்கு நான் சட்டியைப் பார்க்கவேயில்லை.