கொழுந்தனின் கைராசி

போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் விளக்குப் பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒரு விஷயம் சொன்னேன். அங்கே சொன்னதை உங்களிடம் மட்டும் மறைப்பானேன்?

என் கொழுந்தன் சேகரைப் பற்றியது. என் கல்யாணத்தில் அரை டவுசரோடு ஓடிக்கொண்டிருந்தவன், அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். இப்போது கேளம்பாக்கத்தில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறான். பார்ட் பார்ட்டாக வாங்கி, பூட்டி, புது கம்ப்யூட்டர் செய்து கொடுப்பான். “போணி உங்க கையால ஆவட்டும் அண்ணி” என்று கேட்டான். என் மகள் கீர்த்தனாவுக்கு சிறுசேரியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவளுக்காக முதல் ஆர்டரை நாங்கள் கொடுத்தோம்.

கறுப்புப் பெட்டி வந்து இறங்கியது. மேல்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டை. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம்... குறை வைக்கவில்லை. மஞ்சளும் நெய்யும் பிசறிய அட்சதையை மேலே தூவி, “பிள்ளைக்கு வேலை நிலைக்கணும் தாயே” என்று கும்பிட்டேன்.

சில நாளிலேயே ஆரம்பித்தது. கீர்த்தனா மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பாள்... திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் வரை ஓடும். ஒரு நாள் காபி ஆறுவதற்குள் நிற்கும். ஒரு ஒழுங்கே கிடையாது.

“நான் டிமிக்கி குடுக்கறேன்னு மேனேஜர் நெனைக்கறாரும்மா” என்று அழாத குறையாகச் சொன்னாள்.

சேகர் போனில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். பிறகு அவனே வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றினான். எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தான். கடைசியில் வண்டியில் கட்டிக் கடைக்கே தூக்கிப்போய், விண்டோஸைப் புதிதாகப் போட்டான்.

“கடையில நாள் பூரா ஓடிக்கினே கீது அண்ணி. ஒரு தபா கூட நிக்கல. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் இன்னா ஆவுதுன்னே தெரியல.”

திரும்பி வந்த பெட்டிக்கு மறுபடியும் பூஜை போட்டேன். இந்த முறை அட்சதை கொஞ்சம் தாராளமாகவே.

மறுநாள் நின்றது.

அப்போதுதான் எனக்குள் அந்த எண்ணம் நுழைந்தது. சிலர் கை வைத்தால் துலங்கும், சிலர் கை வைத்தால் விளங்காது என்று சொல்வோமே... அது. மனதோடு நின்றிருந்தால் பாவம் என்னோடு போயிருக்கும். விளக்குப் பூஜைக்கு வரும் வசந்தா அக்கா, தன் மகனுக்கு சேகரிடம் கம்ப்யூட்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நான் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னேன் — “யோசிச்சு செய்ங்க அக்கா. அவன் கைராசி அப்படி.”

அம்மன் சன்னதியில் உட்கார்ந்துகொண்டு. கையில் விளக்கோடு.

புதுக் கடைக்காரன். முதல் பெட்டி வாங்கிய சொந்த அண்ணியே இப்படிச் சொன்னால், அடுத்த ஆள் படி ஏறுவாரா?

இரண்டு நாள் கழித்து சேகர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். “வசந்தா அக்கா வேணாம்னுட்டாங்க அண்ணி” என்றான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது முகத்திலேயே இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். திரை நின்றதும், பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி போன் டார்ச்சை அடித்தான். உள்ளே ஒரு ஃபேன் — சுற்ற வேண்டியது, சுற்றவில்லை. அணைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதன் ஓரத்தில் மெல்ல நெம்பினான்.

“இன்னா அண்ணி இது?”

மஞ்சளாக ஒரு அரிசி.

அடித்தட்டில் ஒரு சிட்டிகைக்கு மேல் கிடந்தது. எல்லாம் மேலே இருந்த ஓட்டை வழியாக இறங்கியவை.

“இந்த ஃபேன் ஓடலன்னா உள்ள கொதிச்சுடும். கொதிச்சா நின்னுடும். வண்டியில குலுங்குனா அரிசி நவுந்துக்கும், கடையில நல்லா ஓடும். இங்க வந்தா நீங்க மறுக்கா தூவுவீங்க.” டார்ச்சை அணைத்தான். “நானே பூட்டுனதாச்சே, உள்ள தப்பு இருக்காதுன்னு தொறந்தே பாக்கல. அது என் தப்பு.”

அரிசியைப் பொறுக்கி என் உள்ளங்கையில் போட்டான். “புடிங்க அண்ணி. பிரசாதம்.”

கீர்த்தனா சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் காபி போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். சாமி அறையைத் தாண்டும்போது தலை நிமிரவில்லை. அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தன் தப்பைச் சொன்னானே தவிர, என் தப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

சந்தேகம் என்று வந்தால் நாம் எங்கெல்லாம் தேடுகிறோம்? கரண்டில், கடையில், அடுத்தவன் ராசியில்... நம் கையைத் தவிர எல்லா இடத்திலும். அதுவும் கும்பிட்ட கை என்றால் கேட்கவே வேண்டாம் — அது தப்பே செய்யாது என்று ஒரு திமிர். பக்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் அந்தத் திமிர் எவ்வளவு கலந்திருந்ததோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

அதைத்தான் கோயிலில் எழுந்து நின்று சொன்னேன். அட்சதை கதையைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். வசந்தா அக்கா சிரிக்கவில்லை. “முந்தாநேத்துதான் செங்கல்பட்டுல வேற கடையில வாங்கிட்டோம்மா” என்றார் மெதுவாக. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தது. போன ஆர்டரை வாங்க முடியவில்லை.

நேற்று பஸ் ஏறி கேளம்பாக்கம் போனேன். மடியில் ஒரு சின்னக் கிண்ணம் அட்சதை. “உன் தலைல போடணும்னு கொண்டாந்தேன் சேகரு. நான் பேசுனது தப்பு” என்றேன். அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவசரமாக எழுந்து, ஷேர் ஆட்டோ நிற்கிற தெருவுக்கே இறங்கிப்போய்த் தலையைக் குனிந்தான்.

“இங்க போடுங்க அண்ணி. உள்ள பெட்டியெல்லாம் தொறந்து கீது.”