ஓடுகிற வண்டியைச் சரிசெய்தவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. அது சம்பளத்துக்கு. மனசுக்கு, வாசலில் நிற்கும் முப்பது வருஷத்துப் பழைய ஜீப். அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. பதினெட்டு வருஷமாக வண்டி ரிப்பேர் பட்டறை வைத்துப் பிழைக்கிற நான் தொடவே கூடாது. ஒருமுறை பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததற்கு மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்தான் வேலை செய்கிற முறையே தனி. நாங்கள் கழற்றுவோம், மாட்டுவோம். அவர் கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் நோட்டில் எழுதுவார். மாட்டும்போது கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் படித்து, டிக் அடித்துக்கொண்டே மாட்டுவார். ஒரு நட்டுகூட மிச்சம் வராது. அதில் அவருக்கு இருக்கிற பெருமையை ஏற்றினால் வண்டி நகராது.

பதினோரு வருஷம் காத்திருந்து அக்கா தலைமையாசிரியை ஆனாள். பள்ளி மலை மேலே. திங்கள்கிழமை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். பஸ் பாதி மலையோடு திரும்பிவிடும். அதற்கு மேல் சேறும் கல்லும்தான்.

"எதுக்குக் கவலைப்படற? தினமும் நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரேன்," என்றார் அத்தான். அக்கா முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அத்தானுக்கு அது பொறுக்குமா? மலை ஏறப்போகிற வண்டி ஆயிற்றே என்று கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வழியனுப்பப் போனேன். அக்கா புதுப் புடவையில், மடியில் ஃபைலோடு முன் சீட்டில் இருந்தாள். அத்தான் செல்ஃப் அடித்தார். வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

"நான் பாக்கட்டுமா அத்தான்?"

"வேணாம் மாப்ள. நோட்டு இருக்கு."

நோட்டு இருந்தது, வண்டிதான் கிளம்பவில்லை. பிளக்கைத் துடைத்தார். பெட்ரோல் குழாயை ஊதினார். எல்லா வரிக்கும் டிக் இருப்பதை எனக்கே விரித்துக் காட்டினார். ஏழேமுக்கால் ஆயிற்று. அக்கா சத்தமில்லாமல் இறங்கினாள். என்னைப் பார்த்து 'பேசாதே' என்று ஜாடை காட்டிவிட்டு, தெருமுனையில் சிலிண்டர் லாரியை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

"இப்ப செல்ஃபைத் திருப்பு," என்று பானட்டுக்குள்ளிருந்து அக்காவுக்குக் குரல் வந்தது. காலி சீட்டா திருப்பும்?

அவர் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. அதன் அடியில், இன்ஜினுக்குக் காற்று போகிற துவாரத்தில் ஒரு பழைய பனியன் துணி. கழற்றும்போது நட் ஏதும் உள்ளே விழக் கூடாதே என்று அடைத்திருக்கிறார். நாங்களும் அடைப்போம். ஆனால் எடுத்துவிடுவோம். மூக்கை அடைத்துவிட்டு ஓடு என்றால் இன்ஜின் என்ன செய்யும்?

"இது நோட்டுல இல்லையே அத்தான்?"

"துணி வண்டியோட பார்ட்டு இல்லையே மாப்ள."

துணியை எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்க ஒன்பதரை ஆயிற்று. ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. லாரி பாதி மலையில் இறக்கிவிட, மீதியை நடந்தே ஏறி, ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் அக்கா. புதுப் புடவை முழங்கால் வரை சேறாக, தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சு," என்றார் அத்தான். "சாயங்காலம் வரைக்கும் வெளியிலயே இருக்கேன். தினமும் நான்தானே உன்னை..."

"பின்னாடி டீச்சருங்க தங்குற ரூம் ஒண்ணு காலியா இருக்குங்க. நான் அங்கயே இருந்துக்கறேன். நீங்க வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போனாப் போதும்."

அக்கா ஃபைலை மூடினாள்.

"வியாழக்கிழமை மட்டும் வண்டியத் தொடாதீங்க."